ஸ்க்ராம் 411-க்கு வீட்டிலேயே உயர மட்கார்டு செய்ய யோசனை தேவை (கரிசலில் முன் சக்கரம் சிக்குகிறது)

கரிசல்காட்டான்:

வண்டி ராயல் என்ஃபீல்டு ஸ்க்ராம் 411. ஊர் விளாத்திகுளம் பக்கம். தார் ரோட்டை விட்டு இறங்கிப் புஞ்சைக்குப் போகிற வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், மண் டயரோடு சுற்றி மட்கார்டுக்குள் ஏறி அடைத்துக்கொள்கிறது. அப்புறம் முன் சக்கரம் சுற்றாது, ஏர்க்கொழு மாதிரி மண்ணைக் கீறிக்கொண்டு வரும். குச்சியால் குத்தி எடுத்துவிட்டு நாலு எட்டு போனால் மறுபடியும் அதே கதை. இந்தப் பக்கம் எக்ஸெல் வைத்திருக்கிற சிலர் மழைக்காலத்தில் முன் மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள். நான் அப்படி ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் சிக்கவில்லை, ஆனால் மண் முழுக்க மூஞ்சியில்.

அதனால் எண்டியூரோ (காட்டுப்பாதைப் பந்தய) வண்டிகளில் இருப்பது போல, ஃபோர்க்கின் கீழ் டியில் (ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கீழ்க் கட்டையில்) தொங்குகிற உயர மட்கார்டு ஒன்றை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். டிரில், ஜிக்ஸா, ஹீட் கன் இருக்கின்றன. 3 மில்லி அலுமினியத் தகடு ஒரு துண்டு கிடக்கிறது. தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் ஒன்று விரிசல் விட்டுச் சும்மா இருக்கிறது, அதை வெட்டலாமா, இல்லை ஃபைபரில் செய்வது நல்லதா? டயருக்கும் மட்கார்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

சேத்துவண்டி:

ஏன் இவ்வளவு பாடு? ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்குக் கம்பெனியிலேயே உயர மட்கார்டுதான். ஸ்பேர் கடையில் அதை வாங்கி மாட்டிவிடுங்கள்.

பட்டறை அண்ணாச்சி:

எக்ஸ்பல்ஸ் மட்கார்டு கெட்ட யோசனை இல்லை. ஆனால் அதன் ஃபோர்க் 37 மில்லி, ஸ்க்ராமுக்கு 41. போல்ட் ஓட்டைகள் ஒத்துவரும் என்று நம்பி வாங்க முடியாது. எப்படியும் நடுவில் ஒரு தகடு அடிக்க வேண்டும். தகடு அடிப்பது என்று ஆகிவிட்டால் பிளாஸ்டிக் கடையிலிருந்து வந்தால் என்ன, டிரம்மிலிருந்து வந்தால் என்ன.

தம்பி, மட்கார்டு வெட்டி வளைப்பது பெரிய வேலையே இல்லை. இப்போது இருக்கிற கீழ் மட்கார்டு சேற்றை மறைப்பதோடு இன்னும் சில வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் அந்த வேலைகளை யார் பார்ப்பது என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

ஸ்க்ராமின் ஃபோர்க் சாதா வகை. கீழ்க் கால்கள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருப்பது அடியில் அச்சு, மேலே மட்கார்டும் அதன் பட்டையும்தான். மேலே இருக்கிற பிடிப்பை எடுத்துவிட்டால் வண்டித்தடத்தில் போகும்போது ஒரு கால் ஒரு பக்கமும் இன்னொரு கால் இன்னொரு பக்கமும் முறுக்கப் பார்க்கும். ஹேண்டிலைத் திருப்பிய பிறகு சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். கழற்றும்போது பிளாஸ்டிக்குக்கு அடியில் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பட்டையை அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் 6 மில்லி அலுமினியத்தில் ஒரு பாலம் வெட்டிப் போடுங்கள். ஓட்டை ஒரு மில்லி தள்ளி விழுந்தால்கூட, போல்ட்டை முறுக்கும்போது கால்கள் உள்பக்கமாக இழுபட்டு ஃபோர்க் இறுகிவிடும். ஓட்டையைக் கொஞ்சம் நீளவாக்கில் போட்டு, போல்ட்டை லூசாக வைத்து, ஹேண்டிலைப் பிடித்து நன்றாக அமுக்கி அமுக்கி எடுத்த பிறகு இறுக்குங்கள். பட்டையில் மண் ஒட்டாதா என்று கேட்பீர்கள். ஒட்டும், ஆனால் நாலு விரல் அகலப் பட்டையில் மண் தங்க இடமில்லை, டயரே வழித்துத் தள்ளிவிடும். அடைத்துக்கொள்வது நீளமான கூடு இருந்தால்தான்.

அடுத்து பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும். இவற்றைப் பிடிக்கிற கிளிப் மட்கார்டிலோ அதன் போல்ட்டிலோ இருந்தால், மட்கார்டைக் கழற்றியதும் இரண்டும் அநாதையாகத் தொங்கும். டயர் உரசினால் ஒயர் அறுந்து மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஹோஸ் அறுந்தால் முன் பிரேக்கே கிடையாது. கிளிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் விறைக்கக் கூடாது.

மூன்றாவது ஆயில் கூலர். 411 இன்ஜினுக்கு அது முன்னால்தான் இருக்கிறது. உயர மட்கார்டு என்ன செய்தாலும் டயரின் பின்பக்கத்திலிருந்து தெறிக்கிற மண் நேராக அதன் மேல்தான் போகும். கரிசல் காய்ந்து கூலரின் இதழ்களை அடைத்துவிட்டால் ஆயில் சூடு இறங்காது. பழைய டியூப் ரப்பரை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, நான் சொன்ன பாலத்தின் பின் ஓரத்தில் தொங்கவிடுங்கள். ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் மண் அடையாது. கூலருக்கு முன்னால் ஒரு கம்பி வலையும் வைத்துவிட்டால் கல்லுக்கும் ஆச்சு. ஃபோர்க்கில் இருக்கிற ரப்பர் உறையைக் கழற்ற வேண்டாம், மண்ணைத் தின்று ஆயில் சீல் போகாமல் காப்பது அதுதான்.

இப்போது இடைவெளி. ஸ்க்ராமின் முன் ஃபோர்க் ஓட்டம், அதாவது அது அமுங்குகிற தூரம், 190 மில்லி. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது டயருக்கும் (அதன் மேலே பாலம் வந்தால் பாலத்துக்கும்) மட்கார்டின் அடிவயிற்றுக்கும் 190-க்கு மேல் இன்னொரு 25 மில்லியாவது இருக்க வேண்டும். நிறைய பேர் செங்குத்தாக டேப் பிடித்து அளக்கிறார்கள். சக்கரம் செங்குத்தாக ஏறுவதில்லை, ஃபோர்க் சாய்ந்திருக்கிற கோட்டிலேயே மேலேயும் பின்னாலேயும் போகும். அதனால் டேப்பை ஃபோர்க்குக்கு இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். மட்கார்டின் மூக்குப் பக்கம் ஏராளமாக இடம் இருக்கும், இடிக்கப் போவது கீழ் டிக்கு நேர் அடியிலும் பின்பக்கத்திலும்தான்.

கம்பெனி மட்கார்டை 30 மில்லி ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் போதாதா என்று யாராவது வந்து சொல்வார்கள். போதாது. அது சக்கரத்தோடு ஏறுகிற சாமான், முழு அமுக்கத்தில் போய் டியில் முட்டும். அது இல்லாமல் போவதால் கிடைக்கிற இடத்தில்தான் உங்கள் மட்கார்டு உட்காரப் போகிறது. ஆகவே போல்ட் தலை டயர் பக்கமும் நட் மேல் பக்கமும் வருகிற மாதிரி போடுங்கள். தலை தட்டையான பட்டன் வகையாக இருக்கட்டும். மாற்றிப் போட்டால் நீட்டிக்கொண்டிருக்கிற மரை ஒரு நாள் டயரை உழுதுவிடும்.

மாட்டிய பிறகு சந்தேகம் இருந்தால், பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை மட்கார்டின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் தடிமனாக அப்பிவிட்டு வேகத்தடையில் கொஞ்சம் தைரியமாக ஏறி இறங்குங்கள். எங்கே நசுங்கியிருக்கிறதோ அதைப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். பட்டன் டயர் (கட்டை கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிற சேற்று டயர்) போடுகிற எண்ணம் இருந்தால் அதைப் போட்ட பிறகே இந்தச் சோதனை. 100/90-19 டயரின் விட்டம் கணக்குப்படி 663 மில்லி சுமார். கட்டை உயரமான டயரில் அது கூடிவிடும்.

டிரம் தாராளமாக வெட்டலாம். அது எச்டிபிஇ பிளாஸ்டிக், வளையும், உடையாது. கீழே போட்டாலும் எழுந்து தட்டிவிட்டுப் போகலாம். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள், 130 டிகிரியைத் தொட்டாலே உருகிவிடும். வளைத்த பிறகு கையை எடுத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். ஒரு மரக்கட்டையில் கட்டி நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் டிரம் என்றதால் சொல்கிறேன், கெமிக்கல் வந்த டிரம்மாக இருந்தால் சூடு காட்டவே கூடாது. பெயிண்ட் அதில் ஒட்டாது, நீலமாகத்தான் இருக்கும். அழகு பார்க்கிறவர்கள் கறுப்பு டிரம் தேடிக்கொள்ளட்டும்.

கடற்கரை ஃபைபர்:

அண்ணாச்சி சொன்னதில் கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. குளச்சல் பக்கம் படகுப் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். டிரம் பிளாஸ்டிக் தொளதொள என்று இருக்கும். மூக்கு நீளமாக இருந்தால் வேகத்தில் காற்று அதைத் தூக்கி அடிக்கும். ஃபைபரில் 450 கிராம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மூன்று அடுக்கு போட்டு, நடுவில் கயிறு வைத்து ஒரு முதுகெலும்பு எழுப்பிவிட்டால் அசையாது. நீங்கள் விரும்புகிற வடிவமும் வரும், பெயிண்டும் பிடிக்கும். அச்சுக்குப் பெரிய செலவு வேண்டாம். தெர்மாகோலைச் செதுக்கி மேலே பேக்கிங் டேப் ஒட்டி மெழுகு தடவினால் போதும். டேப் ஒட்டாமல் நேரே ரெசின் ஊற்றினால் தெர்மாகோல் கரைந்து காணாமல் போகும். ஹார்டனரைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி கட்டாயம்.

போல்ட் வருகிற இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்து, ரப்பர் புஷ் வைத்துப் பெரிய வாஷரோடு முறுக்குங்கள். ஃபைபர் விரிசல் விடுவது ஓட்டை ஓரத்திலிருந்துதான்.

பட்டறை அண்ணாச்சி:

தொளதொளப்பு உண்மைதான். அதற்கு நான் முதுகெலும்பு வைப்பதற்குப் பதில் மூக்கைக் குட்டையாக வெட்டிவிடுவேன். டிரம்மின் வளைவே பாதி விறைப்பைக் கொடுத்துவிடும். அதோடு கரிசலில் வண்டி விழத்தான் செய்யும், விழுந்தால் ஃபைபர் உடையும். படகு விழுவதில்லையே!

கடற்கரை ஃபைபர்:

படகு பாறையில் மோதும் அண்ணாச்சி. அதையும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். டிரம்மை எதை வைத்து ஒட்டுவீர்கள்?

கரிசல்காட்டான்:

இரண்டு பேருக்கும் நன்றி. முதலில் டிரம்மில் செய்து ஓட்டிப் பார்க்கிறேன், வடிவம் பிடித்துப் போனால் அதையே அச்சாக வைத்து ஃபைபர்.

கழற்றிப் பார்த்ததில், பிளாஸ்டிக்கை எடுத்த பிறகும் போதுமான பாலம் இருக்கும் என்று தோன்றவில்லை, 6 மில்லித் தகட்டுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது என் சிக்கல் வேறு. கீழ் டியின் அடியில் மட்கார்டு மாட்ட வாகாக மரை ஓட்டை எதுவும் இல்லை. முன்பக்கம் மட்டும் ஒரு போல்ட் கிடைக்கிறது. டியிலேயே நாலு ஓட்டை போட்டு மரை அடித்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் டியை இறுக்குகிற பெரிய போல்ட்டுகளிலேயே தகட்டைச் சேர்த்து முறுக்கிவிடலாமா? இன்னொன்று, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கர சாலையில் அடிக்கடி போகிறவன் நான். கயத்தாறு காற்றாலைப் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற பக்கக் காற்று தெரிந்ததுதான். இந்த மட்கார்டோடு அதில் போக முடியுமா?

பட்டறை அண்ணாச்சி:

டியில் டிரில் வைக்கவே வைக்காதீர்கள். முன் சக்கரத்தின் மொத்தப் பாரத்தையும் அதுதான் தாங்குகிறது. இறுக்குகிற போல்ட்டையும் விட்டுவிடுங்கள். நடுவில் தகடு புகுந்தால் போல்ட் தகட்டைத்தான் இறுக்கும், ஃபோர்க் குழாயை எவ்வளவு இறுக்கியது என்று தெரியாது.

முன்பக்கப் போல்ட்டில் ஒரு எல் வடிவத் தகடு போடுங்கள். பின்பக்கத்துக்கு, கீழ் டிக்கு மேலே, மேல் டிக்குக் கீழே தெரிகிற ஃபோர்க் குழாயில் 41 மில்லி அரைவட்டக் கிளாம்ப், இரண்டு பக்கமும். உள்ளே ரப்பர் பட்டை சுற்றினால் குழாயில் கீறல் விழாது. அந்த இரண்டிலிருந்தும் கீழே கை இறக்கி மட்கார்டைப் பிடியுங்கள். மூன்று இடத்தில் பிடித்துவிட்டால் அது திரும்பவும் திரும்பாது, ஆடவும் ஆடாது. டிக்குக் கீழே இருக்கிற குழாயில் மட்டும் கிளாம்ப் போடக் கூடாது. ஃபோர்க் அமுங்கும்போது கீழ்க்கால் அதுவரை ஏறி வரும்.

காற்று பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. உயர மட்கார்டு ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற சாமான். பக்கக் காற்று அதைத் தள்ளினால் ஹேண்டிலையே தள்ளுகிறது என்று அர்த்தம். பெரிய லாரியைத் தாண்டும்போது இன்னும் நன்றாகத் தெரியும். மூக்கு சக்கர அச்சுக்கு முன்னால் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு தொந்தரவு, அதனால் குட்டையாக வையுங்கள். அகலம் 150, 160 மில்லி போதும். இரண்டு ஓரமும் கீழே மடிந்து தொங்கும் சுவர் மாதிரி இருந்தால் காற்றுக்கு வசதி, ஆகவே மடிப்பு விரற்கடை அளவுக்கு மேல் வேண்டாம். டிக்கு முன்னால் இரண்டு நீள வெட்டு போட்டுவிட்டால் அடியில் சேருகிற காற்று மேலே போய்விடும். முதலில் காற்றில்லாத காலையில் 60, அப்புறம் 80. ஹேண்டில் லேசாக ஆடினாலும் மூக்கில் இன்னும் இரண்டு விரல் வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். டிரம்மில் செய்வதில் உள்ள சௌகரியமே அதுதான், கத்தரிக்க மனசு வலிக்காது.

ஆனி, ஆடியில் உங்களுக்குக் கரிசல் சேறு கிடையாது. அப்போது கம்பெனி மட்கார்டை மாட்டிக்கொண்டு கயத்தாறு போங்கள். புரட்டாசிக் கடைசியில் இதை மாட்டினால் தை வரை ஓடும். அப்படி மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தால் சாதா நட் வேண்டாம், நைலான் வைத்த நட் போடுங்கள், கழற்றும் ஒவ்வொரு முறையும் நட்டை மட்டும் புதிதாக. கம்பெனி மட்கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றிச் சொல்கிறது. யாராவது நிறுத்திக் கேட்டாலோ இன்ஷூரன்ஸ்காரர் பார்க்க வந்தாலோ, பழையபடி மாட்டிக் காட்ட அது கையில் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டை மட்கார்டு எந்தப் பக்கத்திலிருந்தும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஓட்டி முடித்ததும் ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று பாருங்கள். ரப்பர் அமுங்கி உட்கார்ந்த பிறகு கட்டாயம் கால் சுற்றாவது லூசாகியிருக்கும்.