குகைக்குள் இறங்கியதும் செத்துப்போகிறேன், கெதியாக யாராவது சொல்லுங்கள்

உவர்மலைப் பொடியன்:
வணக்கம். கேமில் குகைக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிறேன். நேற்று இரண்டு தரம், இப்போது ஒரு தரம். சாப்பாடு கொண்டுதான் போனேன், கவசமும் நல்ல கவசம். ஒரு மிருகமும் கிட்ட வரவில்லை, ஆனாலும் உயிர் இறங்குகிறது. சாமான் எல்லாம் உள்ளே கிடக்கிறது. ஏழு மணிக்குக் கரண்ட் போகுமாம், அதற்கு முதல் எடுக்க வேண்டும்.

மூதூர் மச்சான்:
எந்த கேம்? எந்தக் குகை?

நிலாவெளிக் காற்று:
இது நெட் பிரச்சினை. மிருகமே வராமல் உயிர் எப்படி இறங்கும்? அடி விழுந்துவிட்டது, உங்கள் திரைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் மழை இருட்டினாலே இப்படித்தான். ரவுட்டரை ஒருக்கா நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

பழைய கை:
டொக்டரிடம் போய் "நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களோ? எந்த கேம், தலையில் என்ன, கையில் என்ன, பையில் என்ன, இதையெல்லாம் எழுதாமல் எங்களைச் சாத்திரம் பார்க்கச் சொல்கிறீர்கள். தேடும் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, தம்பி.

உவர்மலைப் பொடியன்:
குறை நினைக்காதீர்கள் அண்ணா. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்தான், வேறென்ன. லம்பிரிட்ஜ் சதுப்புக்குக் கீழே உள்ள குகை. போனில் விளையாடுகிறேன். பையில் 10 சிங்க இறால், மிச்சம் காலி. குகைப் பூச்சி அடிக்கத்தான் போனேன்.

கிண்ணியா ரைடர்:
தலையில் என்ன இருக்கு? அந்தக் குகையில் சுவருக்குள் ஒளிந்திருக்கும் மிருகம் கையை நீட்டித் தலையைப் பிடிக்கும். முள்ளுத் தலைக்கவசம் போட்டிருந்தால்தான் தப்பலாம். மிருகம் அடிக்க வேலை கொடுக்கும் ஸ்லேயர் மாஸ்டரிடம் 650 கேம் காசு. ரூன் ஹெல்மெட் மாதிரி நல்ல தலைக்கவசம் போட்டாலும் அதற்குக் கணக்கில்லை.

பழைய கை:
அது சுவர் ஓரமாகப் போனால்தான். நடு வழியில் நடந்து பழகியவனுக்கு ஹெல்மெட்டே தேவையில்லை. நான் ஒரு நாளும் போட்டதில்லை.

நிலாவெளிக் காற்று:
போனில் விளையாடுபவருக்குக் கரண்ட் போனால் என்ன?

உவர்மலைப் பொடியன்:
ரவுட்டர் கரண்டில்தானே ஓடுது அண்ணா. டேட்டா முடிஞ்சுது.

மூதூர் மச்சான்:
தம்பி, ரவுட்டரை விடுங்கள். வெளிச்சத்துக்கு என்ன கொண்டு போனீர்கள்? உயிர் இறங்கும்போது ஒரே பெரிய அடியா, இல்லை சின்னச் சின்னதாக ஓயாமல் விழுந்ததா? கீழே பூச்சி ஊருகிறது என்று ஏதும் எழுதிக் காட்டியதா?

உவர்மலைப் பொடியன்:
ஓம் ஓம், பூச்சி என்று ஏதோ வந்தது! நான் அடிக்க வந்த பூச்சி என்று நினைத்தேன். அதற்கு முதல் பந்தம் பளிச்சென்று எரிந்து டமார் என்று வெடித்தது. பிறகு திரை முழுக்கக் கறுப்பு. வெளியே ஏறும் கயிறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இறால் எல்லாவற்றையும் தின்று முடித்தும் சின்னச் சின்ன அடி நிற்கவில்லை.

மூதூர் மச்சான்:
அதுதான் விஷயம். சதுப்பு வாயு. பந்தம், மெழுகுதிரி மாதிரித் திறந்த நெருப்போடு அதற்குள் போகக் கூடாது. பளிச்சென்று எரிவது எச்சரிக்கை, அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும். விட்டால் வெடித்துப் பந்தமும் அணையும். இருட்டில் நின்றால் பூச்சிக் கூட்டம் மொய்த்துச் சாகும்வரை கடிக்கும். தீப்பெட்டி வைத்திருந்தீர்களா?

உவர்மலைப் பொடியன்:
வங்கியில் வைத்துவிட்டு வந்தேன். பந்தம்தான் ஏற்கெனவே எரியுதே என்று.

மூதூர் மச்சான்:
கண்ணாடி போட்ட மெழுகுதிரி லாந்தர் எடுங்கள், அது வாயுவில் வெடிக்காது. தீப்பெட்டி கட்டாயம். செத்த இடத்தில் உங்கள் சாமான் கிடக்கும் கல்லறை 15 நிமிடம் நிற்கும், ஆனால் லொக் அவுட் செய்தால் அந்த நேரம் ஓடாது. அதனால் கரண்ட் போனாலும் பதற வேண்டாம்.

பழைய கை:
லாந்தரில் கண்ணாடி போட்டால் வாயு பிடிக்காதாம்! நல்ல கதை. சுரங்கத்துக்காக 1815 இல் ஹம்ப்ரி டேவி செய்த விளக்கில் நெருப்பைச் சுற்றிக் கம்பி வலைதான் இருந்தது. வலை சூட்டை இழுத்துவிடும், அதனால் சுவாலை வெளியே தாவாது. காற்று போகிற துளை இருக்கும்வரை வெறும் கண்ணாடி ஒன்றையும் தடுக்காது.

கிண்ணியா ரைடர்:
நானா, இது கேம்.

பழைய கை:
கேம் என்றாலும் அறிவு வேண்டும். எங்கள் வீட்டு அரிக்கன் லாம்பில் ஒரு தரம் சிம்னி வெடித்து…

நிலாவெளிக் காற்று:
அரிக்கன் லாம்பு எரிக்க உங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைத்ததா? யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் தொண்ணூறுகளில் ஜாம் போத்தல்தான். அடியில் பஞ்சு, அதற்கு மேல் கொஞ்சமாக எண்ணெய், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட திரி. அதில்தான் நாலு பிள்ளைகள் சுற்றியிருந்து படித்தோம். போத்தல் வெடித்ததே இல்லை.

பழைய கை:
அங்கே வாயு இருந்ததா? அதுதானே கேள்வி.

நிலாவெளிக் காற்று:
நீங்கள்தான் சிம்னிக் கதையைத் தொடங்கினீர்கள்.

கிண்ணியா ரைடர்:
தம்பி போய்ச் சேர்ந்தாரா இல்லையா, அதைப் பார்ப்போம். தம்பி, ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள், 650 தானே.

மூதூர் மச்சான்:
பொடியன், இருக்கிறீர்களா?

உவர்மலைப் பொடியன்:
லாந்தர் வேலை செய்தது, பூச்சி வரவில்லை. கல்லறைக்கு நாலு எட்டுத்தான் இருந்தது, சுவரில் இருந்து ஒரு கை வந்து தலையைப் பிடித்தது. ஏழு மணி ஆகிறது, பிறகு வ

கிண்ணியா ரைடர்:
நான் என்ன சொன்னேன்.

பழைய கை:
நடு வழியால் நடக்கச் சொன்னேனே.