ஆறே இல்லாத மலைக்கணவாய்: டோபோ ஷீட்டை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

தேன்சிட்டு:

எல்லோருக்கும் வணக்கம். புவியியல் முதுகலை படிக்கிறேன். ஆற்று வடிகால் நிலத்தோற்றம் பற்றிய பயிற்சிக்காக வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலையை எடுத்திருக்கிறேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் 1:24,000 டோபோ ஷீட்டுகள்தான் (சம உயரக் கோடுகளால் நில உயரத்தைக் காட்டும் படங்கள்) கையில் இருப்பவை.

மலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீள்கிறது. மேற்கு அடிவாரத்தை ஒட்டியே ஷெனண்டோவா ஆறு வடகிழக்காக ஓடி, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் பொட்டோமாக்கோடு சேர்கிறது. சேர்ந்த கையோடு பொட்டோமாக் மலையை அறுத்துக்கொண்டு கிழக்கே போய்விடுகிறது. இதுவரை சரி.

அங்கிருந்து தெற்கே வந்தால் மலைமுகட்டில் வரிசையாக மூன்று தாழ்வுகள், அதாவது 'கேப்' என்று பெயர் பெற்ற கணவாய்கள். ஸ்னிக்கர்ஸ் கேப் ஏறத்தாழ 1,050 அடி, ஆஷ்பி கேப் ஏறத்தாழ 1,020 அடி, மனாசஸ் கேப் ஏறத்தாழ 890 அடி. மூன்றிலும் நெடுஞ்சாலை போகிறது, ஆறு எதிலும் இல்லை. வகுப்பில் "ஆற்றுக் கவர்வு" (ஓர் ஆறு இன்னோர் ஆற்றின் நீரைப் பறித்துக்கொள்வது) என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். படத்தைப் பார்த்து நானே அந்த முடிவுக்கு எப்படி வருவது? மரக்கிளை, கொடிப்பின்னல் என்று வடிகாலுக்குப் பெயர் வைக்கத் தெரிகிறது. அதற்கு மேல் ஓரடி நகர முடியவில்லை.

பழைய வரைபடக்காரன்:

நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்கிறேன்: நீலக் கோடுகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஆறு இன்று எங்கே ஓடுகிறது என்பதைத்தான் நீலம் காட்டும். நேற்று எங்கே ஓடியது என்ற கேள்விக்குப் பதில் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளில் இருக்கிறது, அதிலும் இரு ஆறுகளின் நீரைப் பிரிக்கும் நீர்ப்பிரி மேட்டில் இருக்கிறது. வடிகால் வரலாறு படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். முகட்டுக்கு ஏற வேண்டும்.

ஒரு பென்சிலை எடுத்து ஷெனண்டோவாவுக்கும் கிழக்கே இறங்கும் ஓடைகளுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பிரி மேட்டை முழு நீளத்துக்கும் வரையுங்கள். கணினித் திரையில் வேண்டாம், அச்செடுத்து வரையுங்கள். கை ஒவ்வொரு சேணத்திலும், அதாவது இரு குன்றுகளுக்கு நடுவிலுள்ள தாழ்விலும், தானாக நிற்கும். அப்போது கோடுகளை உற்றுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 1,060 அடிக் கோடு இரு பக்கக் குன்றுகளையும் தனித்தனியாகச் சுற்றி, நுனிகளை ஒன்றையொன்று நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. 1,040 அடிக் கோடுகள் நடுவில் சேராமல், ஒன்று மேற்குச் சரிவோடும் மற்றது கிழக்குச் சரிவோடும் போகின்றன என்று வையுங்கள். சேணத்தின் உயரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான் படம் சொல்லும். இருபது அடி இடைவெளிப் படத்தில் பத்தடி வித்தியாசத்தை வைத்து யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். சாலை போகும் கணவாய் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சாலைக்காக வெட்டியிருப்பார்கள், புள்ளி உயரம் அந்த வெட்டின் உயரமாக இருக்கலாம்.

அடுத்து, சேணத்தின் இரு பக்கமும் இறங்கிப் பாருங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறதா? அதில் இன்று ஓடும் ஓடைக்கு அந்தப் பள்ளத்தாக்கு அகலம் அதிகமா? அது கணவாயின் வாயை நேராகப் பார்க்கிறதா? ஸ்னிக்கர்ஸ் கேப்புக்குக் கிழக்கே பீவர்டாம் ஓடை இருக்கிறது, கூஸ் கிரீக்கின் கிளை. அது ஒரு காலத்தில் மலைக்கு மேற்கே தொடங்கி, இந்தக் கணவாய் வழியாகவே ஓடியது என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம்.

பீவர்டாம் ஏன் தோற்றது? மலைக்கு மேற்கே பள்ளத்தாக்குத் தளம் சுண்ணாம்புக்கல்லும் டோலோமைட்டும். நீரில் கரையும், சீக்கிரம் தாழும். மலையோ கடினப் பாறை. பொட்டோமாக் பெரிய ஆறு, வெள்ளம் அதிகம், மலையை அறுத்து ஆழமாக இறங்கிவிட்டது. அதன் கிளையான ஷெனண்டோவாவுக்கு தாழ்வான சங்கமமும் மென்மையான பாறையும் சேர்ந்து கிடைத்தன. அது தலைப்பக்கமாக, அதாவது தான் தொடங்கும் மேல்முனையை நோக்கி, அரித்துக்கொண்டே தெற்கே நீண்டது. பீவர்டாம் மாதிரிச் சின்ன ஆறு கடினப் பாறையைத் தனியாக அறுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அதன் நீரை ஷெனண்டோவா பறித்துக்கொண்டது. இன்று ஸ்னிக்கர்ஸ் கேப்புக்கு 600 அடிக்கும் மேல் கீழே ஷெனண்டோவா ஓடுகிறது. அத்தனை ஆழமும் கணவாய் கைவிடப்பட்ட பிறகு நடந்த அரிப்பு.

இப்போது உங்கள் மூன்று எண்களுக்கு வருவோம். 1,050, 1,020, 890. வடக்கிலிருந்து தெற்காக இறங்குமுகம். ஷெனண்டோவா வடக்கிலிருந்து தெற்காக வளர்ந்திருந்தால் முதலில் சிக்கியது ஸ்னிக்கர்ஸ், கடைசியில் மனாசஸ். முதலில் நீரை இழந்த கணவாய் அந்த உயரத்திலேயே நின்றுவிடும். கடைசி வரை ஆறு ஓடிய கணவாய் இன்னும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். எண்கள் அதற்கு ஒத்துப்போகின்றன. படத்திலிருந்து ஒரு வரிசையை, அதாவது எது முன் எது பின் என்பதை எடுப்பது இப்படித்தான். வடிவத்துக்குப் பெயர் வைப்பதற்கும் வரலாறு படிப்பதற்கும் உள்ள தூரம் அது.

கல்லும் மண்ணும்:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூன்றே எண்ணோடு நிறுத்தியதை ஏற்க முடியாது. அதே மலையில் இன்னும் தெற்கே போங்கள். தோர்ன்டன் கேப் ஏறத்தாழ 2,300 அடி. ஸ்விஃப்ட் ரன் கேப் ஏறத்தாழ 2,370 அடி. அதையும் தாண்டினால் ராக்ஃபிஷ் கேப் ஏறத்தாழ 1,900 அடி. இறங்குமுக வரிசை அங்கே உடைந்துவிடுகிறதே?

கணவாய் என்றாலே பழைய ஆறு என்று முடிவுகட்டக் கூடாது. பாறையில் விரிசலோ பிளவோ இருக்கும் இடத்தில் இரு பக்கத்து ஓடைகளும் தலைப்பக்கமாக அரித்து வந்து முகட்டைத் தாழ்த்தினாலும் சேணம் உண்டாகும். அதில் ஒரு நாளும் ஆறு ஓடியிருக்க வேண்டியதில்லை. சம உயரக் கோடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு உதாரணம்: யூட்டா, கொலராடோ எல்லையில் கிரீன் ஆறு யூயின்டா மலைத்தொடரை லொடோர் பள்ளத்தாக்கு வழியாக அறுத்துக்கொண்டு போகிறது. 1869இல் அந்த ஆற்றில் படகில் போன ஆய்வாளர் பவல், தம் 1875 அறிக்கையில் ஆறு முந்தியது, மலை பிந்தியது, மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது என்றார். பிறகு வந்தவர்கள் மலை பழையது, அதை மூடியிருந்த இளைய படிவுகளின் மேல் ஓடிய ஆறு கீழே இறங்கி மலையில் மாட்டிக்கொண்டது என்றார்கள். படம் ஒன்று, கதை இரண்டு. தீர்த்து வைத்தது படிவுகளின் வயது, படமல்ல.

பழைய வரைபடக்காரன்:

தோர்ன்டனையும் ஸ்விஃப்ட் ரன்னையும் கொண்டுவந்தது நல்லது, இந்த விவாதத்துக்கு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் கணவாயின் உயரத்தைத் தனியாகப் பார்த்தால் போதாது. அங்கே முகடே உயரம், பல இடங்களில் 3,000 அடியைத் தாண்டுகிறது. வடக்கே ஸ்னிக்கர்ஸ் பக்கம் முகடு அதைவிட எவ்வளவோ தாழ்வு. அதனால் மூன்று உயரங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்: கணவாய், அதன் இரு பக்க முகடு, அடிவார ஆறு.

தேன்சிட்டு, இதற்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. நீளமான காகிதப் பட்டை ஒன்றை முகட்டின் மேல் வைத்து, சம உயரக் கோடு விளிம்பைத் தொடும் இடத்திலெல்லாம் குறி வைத்து உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். முகடு வளையும் இடத்தில் பட்டையையும் திருப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் வரைபடத்தாளில் முகட்டின் நெடுக்குத் தோற்றத்தை வரையுங்கள். அதன் கீழேயே அதே அளவில் ஷெனண்டோவாவின் நீள்வெட்டையும் (ஆற்றின் போக்கில் உயரம் மாறும் கோடு) வரையுங்கள். எந்தத் தாழ்வு முகட்டில் கூர்மையாக வெட்டினதுபோல் நிற்கிறது, எது மெல்லச் சரிந்து மெல்ல ஏறுகிறது என்பது உடனே தெரியும். வடக்கிலுள்ள மூன்றும் ஒரு குடும்பம், தெற்கிலுள்ளவை வேறு குடும்பம் என்பது என் கருத்து. தெற்கிலுள்ளவை இன்னும் பழைய ஆறுகளின் தடமா, வெறும் பாறைப் பலவீனமா என்பதை ஒவ்வொன்றாகத்தான் சோதிக்க வேண்டும்.

கவர்வு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக, பிரான்சிலுள்ள தூல் நகரப் பகுதிப் படத்தைப் பாருங்கள். மோசெல் ஆறு வோஜ் மலையிலிருந்து இறங்கி மேற்கே தூல் வரை வருகிறது, அங்கே முழங்கை மாதிரி மடங்கி வடகிழக்கே திரும்பிவிடுகிறது. ஆனால் பள்ளத்தாக்கு திரும்பவில்லை! ஆறில்லாமலேயே மேற்கே தொடர்ந்து மியூஸ் ஆற்றைப் போய்த் தொடுகிறது. மியூஸ் பக்கம், தூலில் ஓடும் மோசெலைவிட ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். மியூஸ் இன்று தன் பள்ளத்தாக்கின் பெரிய வளைவுகளுக்குள் சின்னச் சின்ன வளைவாக நெளிகிறது, அந்தப் பள்ளத்தாக்கை வெட்டிய நீர் இப்போது அதனிடம் இல்லை. நிலத்தோற்ற அறிஞர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1890களிலேயே இதை எழுதிவிட்டார். வோஜ் மலையின் கூழாங்கற்கள் மியூஸின் பழைய படுகைப் படிவுகளில் கிடைப்பதுதான் சாட்சி. முழங்கை, வறண்ட பள்ளத்தாக்கு, உயர வித்தியாசம், பள்ளத்தாக்குக்குப் பொருந்தாத சிறு ஆறு, நான்கும் ஒரே தாளில். இதைப் பார்த்த பிறகு ப்ளூ ரிட்ஜுக்குத் திரும்பினால் அங்கே எவை இருக்கின்றன, எவை இல்லை என்று நீங்களே எண்ணுவீர்கள்.

வடகாற்று:

ஒரு சின்னச் சேர்க்கை. மேட்டைத் தாண்டிய ஆறெல்லாம் மெதுவான கவர்வுதான் என்று நினைத்துவிடக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் பலூஸ் ஆறு முன்பு வாஷ்டக்னா பள்ளத்தாக்கு வழியாக மேற்கே ஓடியது. பனியுக முடிவில் பனிக்கட்டி அணையால் தேங்கியிருந்த மிசூலா ஏரி உடைந்து வந்த வெள்ளங்கள் தெற்கேயிருந்த நீர்ப்பிரி மேட்டின் மேல் வழிந்து, அதை அறுத்துவிட்டன. ஆறு அதன் பிறகு அந்தப் புது வழியாக ஸ்னேக் ஆற்றில் விழுகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயர பலூஸ் அருவி அந்த அறுப்பில்தான் இருக்கிறது.

படத்தில் அடையாளம் எப்படி என்றால், ஒரே மேட்டைப் பல வெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தாண்டும், அடித்தளம் தட்டையாக இருக்கும், உள்பக்கம் சிறு கோடுகள் போட்ட மூடிய பள்ளங்கள் ஆங்காங்கே வரும். ஆறே இல்லாத இடத்தில் அருவி வடிவம் தெரியும். ஹார்லன் பிரெட்ஸ் சியாட்டிலில் பள்ளி ஆசிரியராக இருந்த நாளில் குவின்சி பகுதியின் டோபோ ஷீட்டில் அப்படி ஒரு நீரற்ற அருவியைப் பார்த்ததுதான் அவரை உலுக்கியது. 1923இல் பெருவெள்ளம் என்று எழுதினார். பல பத்தாண்டு எதிர்ப்புக்குப் பிறகுதான் ஏற்றார்கள்.

தேன்சிட்டு:

எல்லோருக்கும் நன்றி. பட்டை வைத்து முகட்டை வரைந்து பார்த்தேன். ஸ்னிக்கர்ஸும் ஆஷ்பியும் தெளிவான வெட்டுகளாகத் தெரிகின்றன. மனாசஸ் அகலமாக, ஒரு பக்கம் படிப்படியாக இறங்குகிறது. கூஸ் கிரீக்கின் தலைப்பகுதி அங்கேயே தொடங்குகிறது. மனாசஸையும் அதே குடும்பத்தில் வைக்கலாமா? அறிக்கையில் "கவர்வு" என்று எழுதலாமா?

பழைய வரைபடக்காரன்:

மனாசஸை வைக்கலாம், ஆனால் கேள்விக்குறியோடு. அகலமான தாழ்வு என்றால் பாறை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பகுதியின் புவியமைப்புப் படத்தை எடுத்து, அதே அளவில் அச்செடுத்து, உங்கள் முகட்டுக் கோட்டின் கீழே எந்த இடத்தில் எந்தப் பாறை என்று பட்டையில் நிறம் தீட்டுங்கள். ஸ்னிக்கர்ஸிலும் ஆஷ்பியிலும் இரு பக்க முகட்டிலுள்ள அதே கடினப் பாறைதான் கணவாயிலும் இருக்கிறது என்றால் ஆற்றின் பக்கம் சான்று கனக்கும். மனாசஸில் பிளவுக்கோடோ மென்பாறையோ கணவாயை ஒட்டிப் போனால் "கல்லும் மண்ணும்" சொன்னதற்கு இடம் கொடுத்து எழுதுங்கள்.

அறிக்கையில் "கவர்வு" என்றே எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதே பக்கத்தில், எந்தச் சான்று படத்திலிருந்து வந்தது, எது பாறையிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். கூழாங்கல் சான்று உங்களிடம் இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். கணவாய் உயரங்களை ஒற்றை எண்ணாகப் போடாமல் எந்த இரண்டு கோட்டுக்கு நடுவே என்று போடுங்கள். பழைய பதிப்புத் தாள்களும் அதே நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும், இன்றைய நெடுஞ்சாலை வெட்டுக்கு முந்தைய தாள் ஒன்றை எடுத்து ஒப்பிட்டால் மனாசஸின் உண்மையான சேணம் எங்கே என்பதாவது தெளிவாகிவிடும்.