புதுப்பிப்பு: ஸ்டீரியோ மைக் வாங்கியாச்சு, முதல் பதிவும் முடிந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நேரடி இசையைப் பதிவு செய்ய, கையைக் கடிக்காத விலையில், ஒரே உடலில் இரண்டு கேப்சூலை (ஒலியை வாங்கும் பகுதி) ஒட்டினாற்போல், கோணமாக வைத்த எக்ஸ்-ஒய் மைக் வாங்குவதா, தனித்தனியாக இரண்டு சிறிய கண்டென்சர் மைக் வாங்குவதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, தனி மைக்குகளையே வாங்கினேன்.

முக்கியக் காரணம் இரண்டு கேப்சூலுக்கும் இடையிலான கோணம். ஒற்றை மைக்கில் பெரும்பாலும் அதை மாற்ற முடியாது. தனி மைக் என்றால் எக்ஸ்-ஒய்யும் வைக்கலாம், இரண்டையும் விலக்கி வெளிப்பக்கம் திருப்பி வைக்கும் ஓஆர்டிஎஃப் முறையில் 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி என்றும் வைக்கலாம். நேற்று நண்பர்கள் வாசித்தபோது இரண்டையும் முயன்றேன். எக்ஸ்-ஒய்யில் வயலின் நடுவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஓஆர்டிஎஃப்பில் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது, வில் கம்பியில் உரசும் சத்தம்கூட அங்கிருந்தே வருகிறது, கேட்டதும் அவ்வளவு சந்தோஷம்! ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டால் எக்ஸ்-ஒய்தான் சுத்தம், ஒலி இரண்டு கேப்சூலுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால்.

முதல் பாட்டு மட்டும் வீணாகிவிட்டது. ரெக்கார்டரில் பதிவு லெவல் வைக்கும்போது மெதுவாக வாசித்துக் காட்டினார்கள், பாட்டு தொடங்கி டிரம்ஸ் அடி விழுந்ததும் ஒலி உடைந்தது. அப்புறம் மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் (ஒலி உடையும் எல்லை 0) தாண்டாதபடி குறைத்தேன். ஒலியை நுணுக்கமாகச் சேமிக்கும் 24 பிட் பதிவு என்பதால் பின்னால் ஒலி அளவை ஏற்றியபோதும் இரைச்சல் தொந்தரவு இல்லை.

சரி, இன்னொன்று: கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியே ரெக்கார்டர் தரும் மின்சாரம், அதாவது 48 வோல்ட் பேன்டம் பவர், ரெக்கார்டரின் பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கிறது, மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும்.