புதுப்பிப்பு: கணவாய்க் கறி இறுகவில்லை

காதலர் தினத்துக்கு மனைவிக்காக வீட்டில் சமைக்கும் கணவாய் றப்பர் போல இறுகாமலிருக்க வழி கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "இரண்டே நிமிடம், இல்லையென்றால் முக்கால் மணிநேரம், இடைப்பட்ட நேரம்தான் ஆகாது" என்ற யோசனை. காலையில் திருகோணமலைச் சந்தையில் வாங்கிய அரைக் கிலோவை வளையமாக வெட்டி, மூடி, மெல்லிய தீயில் 45 நிமிடம் விட்டேன். 20ஆவது நிமிடத்தில் கடிக்கவே முடியவில்லை, பயந்துபோனேன். அப்புறம்தான் இளகியது.

எதிர்பாராதது: கணவாய் நிறையத் தண்ணீர் விட்டது. அதனால் தேங்காயின் இரண்டாம் பால் வேண்டாம், இறக்கும்போது கட்டிப்பால் மட்டும் போதும்.

26 வருடமாக எனக்குச் சமைத்துப் போட்டவர் என் மனைவி. இடியப்பத்தோடு ஒரு வளையத்தை நுள்ளிப் பார்த்துவிட்டு, சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.