பதினான்கு சாதனங்களும் ஒரு விளையாட்டுப் பிரியனும்: எந்த ரவுட்டர் பொருத்தம்?

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில், மூன்று அறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறோம். கைத்தொலைபேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சி, கமெரா என எண்ணிப் பார்த்தால் பதினான்கு சாதனங்கள் ஒரே வைஃபையில் இயங்குகின்றன. ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர் வரவேற்பறை வாசலருகே இருக்க, மகன் இணைய விளையாட்டுகளை விளையாடும் அறையோ இரண்டு கொங்கிறீற்றுச் சுவர்களுக்கு அப்பால் இருக்கிறது.

பகலில் 20 மில்லிசெக்கனாக இருக்கும் பிங் (தரவு சேவையகத்துக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்), இரவு எட்டு மணிக்கு மனைவி காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கியதும் 300ஐத் தாண்டிவிடுகிறது. பிறகு வீட்டில் நடப்பது வேறு விளையாட்டு. பதிவேற்றம் நின்றதும் பிங் இறங்கிவிடுவதால், கோளாறு வேகத்தில் அல்ல, ரவுட்டரில் தரவு வரிசைகட்டி நிற்பதில்தான் என்று நினைக்கிறேன். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அவற்றை அயல்வீடுகள் நிரப்பிவிட்டன. 5 கிகாஹேர்ட்ஸ் அலையோ அந்தச் சுவர்களைக் கடப்பதற்குள் மெலிந்துவிடுகிறது.

வைஃபை 6 வசதியும், வரிசை நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் வசதியும் உள்ள ஒரு ரவுட்டரை 40,000 ரூபாய்க்குள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்க எண்ணியுள்ளேன். எட்டு அன்ரெனா கொண்ட 'கேமிங்' ரவுட்டர்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. மகனின் அறைக்கு கற் 6 எனும் வலையமைப்புக் கேபிள் இழுப்பதா, அறைகளில் ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையாக இயக்கும் மெஷ் தொகுதி வாங்குவதா? இத்தகைய வீட்டில் பயன்படுத்திப் பார்த்தவர்கள், மாதிரியின் பெயரோடு கூறினால் பேருதவியாக இருக்கும்.