சஸ்டெய்னபிலிட்டிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். நான் அறிவியல் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்வது குழுவில் பலருக்குத் தெரியும். ஏரி, நிலத்தடி நீர், மீன், காடு இவற்றைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. 24 கேள்விகள் கொண்ட வினாத்தாள். ஆங்கில வடிவத்துக்கு நெறியாளர் சரி சொல்லிவிட்டார். தமிழாக்கத்தில் சஸ்டெய்னபிலிட்டி (வளம் தீர்ந்துவிடாதபடி அளவறிந்து பயன்படுத்துவது) என்ற ஒற்றைச் சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ஆறு கேள்விகளில் வருகிறது, ஆய்வுத் தலைப்பிலும் வருகிறது.

போன வாரம் காஞ்சிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் 11 பேரிடம் முன்னோட்டம் பார்த்தேன். மூன்று விதமாகத் தாள் அடித்துக்கொண்டு போயிருந்தேன். "நிலைத்தன்மை" என்று போட்டிருந்த தாளை வாங்கியவர்கள் நேராக வேதியியலுக்குப் போய்விட்டார்கள். ஒரு பையன் ஓரத்தில் நியான் அணுவை வரைந்து, வெளிக்கூட்டில் எட்டுப் புள்ளியும் வைத்திருந்தான். "நீடித்த நிலையான" என்றதற்கு, "ரொம்ப நாள் அப்படியே இருக்கறது மிஸ்" என்றார்கள். அப்படி இருக்கிற ஏரி எது என்று கேட்டால், யாரும் தண்ணீர் எடுக்காத ஏரியாம். "வளங்குன்றா" தாளை ஒரு பெண் வாய்விட்டுப் படித்தாள். "வளங்… குன்றா?" என்று கேள்விக்குறியோடு நிறுத்திவிட்டு, "அது எந்த ஊர்ல இருக்கு மிஸ்?" என்றாள்.

உதவுங்கள்.

கரையான் எழுதியது:

இதற்கு ஏன் தனி இழை? "வளங்குன்றா வளர்ச்சி" பாடநூலிலேயே இருக்கிறது, வேளாண்மைக்காரர்கள் "வளங்குன்றா வேளாண்மை" என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எடுத்துப் போடுங்கள். 2015-இல் ஐ.நா. அறிவித்த 17 வளர்ச்சி இலக்குகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். தமிழில் மட்டும் அவை நிலையான, நீடித்த, நிலைபேறான, வளங்குன்றா என்று நாலு சட்டை போட்டுக்கொண்டு திரிகின்றன. ஐந்தாவதாக ஒன்று தைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அந்தப் பெண் குன்று என்று படித்தது சொல்லின் குற்றமில்லை. "குன்றுதல்" என்ற வினை வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை, அவ்வளவுதான்.

வேம்பு எழுதியது:

மகளே தும்பி, கரையான் தம்பி அவசரப்படுகிறார். சொல்லின் வேரைப் பார்க்காமல் மேலே ஒட்டுப்போட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது.

ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. கீழிருந்து பிடித்துக்கொள்வது, அதாவது தாங்குவது என்பது அதன் மூலப்பொருள். செர்மன் மொழியிலும் "பிடித்தல்" என்கிற வினைதான் உள்ளே இருக்கிறது. 1713-இல் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் காட்டு வளர்ப்பு பற்றி எழுதிய நூலில் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் ஆண்டார். சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர். வெள்ளி உருக்கக் கரி வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், சுற்றியிருந்த காடெல்லாம் தீர்ந்துகொண்டு வந்தது. வெட்டுவது வளர்வதை மிஞ்சக் கூடாது என்று கணக்குப் பார்த்தார். ஆக, இந்தக் கருத்து பிறந்ததே கணக்குப் பிள்ளையின் மேசையில்தான். நம்மவர் அதை ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிட்டார்:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை

வருகிற வழி சிறியதானாலும், போகிற வழி அகலாதவரை கெடுதல் இல்லை.

தாங்கு என்ற வேரிலிருந்து "தாங்கமை" என்று ஆக்கலாம் என்பது என் துணிபு. "தாங்குதிறன்" வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே வழங்குவதால் அதைத் தவிர்க்கிறேன்.

கரையான் எழுதியது:

> "தாங்கமை" என்று ஆக்கலாம்

ஐயா, ஒரு துணைக்கால் கூடிவிட்டால் "தாங்காமை". பொருள் நேரெதிர். அச்சகத்துக்காரரை நம்பி ஒரு கருத்தின் உயிரை அந்தக் காலில் தொங்கவிட வேண்டாம்.

நெய்தல் எழுதியது:

தங்கச்சி தும்பிக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு காசு. இங்கே "நிலைபேறான அபிவிருத்தி" என்று அரச ஆவணங்களில் எழுதுவார்கள். "பேண்தகு அபிவிருத்தி" என்பதும் புழக்கத்தில் உண்டு. எனக்குப் பின்னதுதான் விருப்பம். பேணத் தகுந்தது பேண்தகு. பேணுதல் ஒரு வீட்டுச் சொல். பிள்ளையைப் பேணுவோம், கிணற்றைப் பேணுவோம். வளம் என்று தொடங்கினாலே எடுக்கிறதுதான் நினைவுக்கு வரும். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் "பேண்தகைமை" என்று வைத்துக்கொள்ளலாம்.

"அபிவிருத்தி" வடசொல் என்று வேம்பு ஐயா தொடங்குவதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன்: தெரியும். நாங்கள் ஐதரசன், ஒட்சிசன் என்று படித்து வந்தவர்கள். அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகள் போட்டுத் தந்தது, அவற்றை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் முழுவதையும் தமிழில் படித்தோம். சொல் எந்த வீட்டில் பிறந்தது என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை.

வேம்பு எழுதியது:

அம்மா நெய்தல், அபிவிருத்தியை இன்றைக்கு மன்னித்துவிட்டேன். புணர்ச்சியை மன்னிக்க முடியாது.

னலமுன் றனவும் ணளமுன் டணவும்
ஆகும் தநக்கள் ஆயுங் காலே

என்பது நன்னூல். ணகர ஈற்றின் முன் வரும் தகரம் டகரமாகும். மண் + தீது மண்டீது. காண் + தகு காண்டகு. அப்படியானால் பேண் + தகு "பேண்டகு" என்றுதான் எழுதியாக வேண்டும்.

கரையான் எழுதியது:

ஐயா, ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் "பேண்ட" என்று எழுத ஆரம்பித்துவிட்டு, அப்புறம் திரும்பிப் பாருங்கள். மணி அடிக்கிறவரை வகுப்பு அடங்காது.

நெய்தல் எழுதியது:

சிரித்துச் சிரித்துத் தேநீர் கொட்டிப்போயிற்று. ஐயா, விட்டிசைத்துப் பிரித்து எழுதுவது இன்றைய வழக்கு. பேண்தகு பேண்தகுவாகவே இருக்கட்டும்.

கரையான் எழுதியது:

தீவிரமாக ஒன்று கேட்கிறேன். "சஸ்டெய்னபிலிட்டி" என்றே எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? பஸ், போர்வெல், மோட்டார் எல்லாம் ஏற்றுக்கொண்டோம். சிங்கப்பூரில் 2020-இல் சுற்றுப்புற, நீர்வள அமைச்சின் பெயரை மாற்றியபோது தமிழில் "நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு" என்று வைத்தார்கள். இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே கருத்தை ஒருக்களித்துத் தூக்குகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு அசை என்றால் நமக்கும் சுமக்கத் தெம்பு இருக்கிறது.

வேம்பு எழுதியது:

"நிலை" என்று தொடங்கும் சொல் எதுவும் வேண்டாம். வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, "நில்லாதவற்றை நிலையின என்றுணரும் புல்லறிவாண்மை கடை" என்று திட்டி வைத்திருக்கிறார். இந்தச் சொல்லுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

இரவு படுத்தபிறகு இன்னொன்று தோன்றி எழுந்து வந்தேன். "வளங்குன்றா" பாடநூல் குழுவின் ஆக்கம் என்று கரையான் தம்பி நினைத்துக்கொண்டிருக்கலாம். குறள் 736:

கேடறியாக் கெட்ட விடத்தும் வளங்குன்றா
நாடென்ப நாட்டின் தலை

ஆனால் இங்கே பொருள் வேறு. கேடு வந்தாலும் வளம் குறையாத நாடு. அடி வாங்கினாலும் மீண்டு எழுகிற தன்மையைச் சொல்கிறார். நாம் தேடுவது அதுவன்று. அளவறிந்து எடுக்கிற பண்பு புறநானூறு 184-இல்தான் இருக்கிறது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு மா என்ற நில அளவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாளைக்கு ஆகும். நூறு செறு இருந்தாலும் யானை தானே புகுந்து தின்றால்,

வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்.

தின்றதைவிட மிதித்தது அதிகம்! 1987-இல் நார்வேப் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான ஆணையம், வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது என்று வரையறுத்தது. அதில் யானையின் கால் இல்லை. "பன்னாட்கு ஆகும்" என்ற தொடரிலிருந்து "பன்னாட்காகுமை" என்று ஒரு சொல் ஆக்கி முன்வைக்கிறேன்.

கரையான் எழுதியது:

பன்னாட்டு வாணிகக் கழகம் மாதிரி இருக்கிறது. தூங்குங்கள் ஐயா.

தும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனேன். நான் கேட்ட கேள்வியே தப்போ என்று சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் கேள்வி இது: "பின்வருவனவற்றுள் வளங்குன்றா மீன்பிடிப்பு எது?" நான்கு விடைகளில் ஒன்று, "மீன்வளம் குறைந்துவிடாத அளவுக்குப் பிடிப்பது". குன்று என்று படித்த அதே பெண்ணிடம், குன்றுதல் என்றால் குறைதல் என்று மட்டும் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல் வருகிற ஆறு கேள்விக்கும் சரியாகக் குறியிட்டுவிட்டாள். அரை நிமிடத்தில் ஒரு கருத்தைப் புரிய வைத்துவிட்டேனா? அப்புறம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் போர் இருக்கிறதாம், 180 அடியாம். தண்ணீர் கீழே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். "இன்னும் நூறு அடி இறக்கிக்கலாம் மிஸ். கீழ எவ்ளோ வேணா இருக்கும்" என்றாள்.

அவளுக்குப் புரிந்தது சொல். நிலத்தடி நீருக்கும் ஓர் ஆகாறு உண்டு, அது மழையும் ஏரியும்தான் என்பது அவள் மனத்தில் இல்லை. என் ஆய்வு பிடிக்க வேண்டியது அதைத்தான். சொல்லைத் தெளிவாக்க ஆக்க அதுவே விடையைக் காட்டிக்கொடுக்கிறது, என் வினாத்தாள் தமிழ்த் தேர்வாகிவிடுகிறது. ஆங்கில வழி மாணவருக்கு சஸ்டெய்னபிலிட்டி வெறும் ஒலி, அது எதையும் காட்டிக்கொடுக்காது. இரண்டு வழியையும் ஒப்பிடுகிற என் அட்டவணை கந்தல்.

வேம்பு எழுதியது:

34 ஆண்டு வகுப்பில் நின்று, இடுகுறியைவிடக் காரணப்பெயரே உயர்ந்தது, பெயரைக் கேட்டால் பொருள் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். தேர்வறையில் அது பிட்டுச் சீட்டு ஆகும் என்று தோன்றியதே இல்லை.

நெய்தல் எழுதியது:

காரணப்பெயர் பிழையாகவும் காட்டிக்கொடுக்கும் ஐயா. உங்கள் ஊரில் "ஒளிச்சேர்க்கை", இங்கே "ஒளித்தொகுப்பு". இரண்டிலும் ஒளி மட்டும்தான் தெரிகிறது. மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காற்று என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. காபனீரொட்சைட்டுக்குப் பெயரில் இடமில்லை.

வேலியோரம் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் கிராமப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பசுமை இல்ல வாயு நடத்தும்போது, "எங்க பெரியப்பாவுக்குப் பசுமை வீடு சாங்ஷன் ஆச்சு சார், அதுலயும் அந்த கேஸ் வருமா?" என்று ஒருவன் கேட்டான். பாவம், அரசுத் திட்டத்துக்கும் அதே பெயர்.

என் வகுப்பில் எந்தக் கலைச்சொல்லும் சொல்வதற்கு முன் விதைநெல் பற்றிப் பேசுவேன். "பசிச்சா விதைநெல்லைக் குத்தலாமா?" என்றால் ஒரு பிள்ளையும் தப்பாகச் சொல்லாது. தும்பி அம்மா, உங்கள் தாளில் சொல் எதற்கு? சூழ்நிலையைக் கொடுத்துக் கேளுங்கள்.

கரையான் எழுதியது:

அதுதான் சரி. வினாத்தாளில் சொல்லே வேண்டாம், தலைப்பில் மட்டும் போதும். தலைப்புக்குக் கை தூக்கச் சொல்கிறேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து: வளங்குன்றாமை 5, பேண்தகைமை 2, சஸ்டெய்னபிலிட்டி 1 (நான்), தாங்கமை 1 (சொல்லத் தேவையில்லை).

நெய்தல் எழுதியது:

ஐந்து பேரும் தமிழ்நாடு. எண்ணிக்கைக்குத் தலை வணங்குகிறேன், ஆனால் என் கட்டுரைகளில் பேண்தகைமை என்றுதான் எழுதுவேன்.

தும்பி எழுதியது:

தலைப்பில் "வளங்குன்றாமை" என்று போட்டு அனுப்பிவிட்டேன். நெறியாளர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "வளம்" ஒரு வரியிலும் "குன்றாமை" அடுத்த வரியிலும் உடைந்து நிற்பதாகச் சொன்னார், வேறு குறை சொல்லவில்லை.

ஆறு கேள்விகளையும் மாற்றி எழுதினேன். ஊருக்குப் பொதுவான ஏரி, மூன்று தெருக்காரர்கள், முதல் ஆண்டு பிடித்த மீன், இரண்டாம் ஆண்டு பிடித்த மீன், மூன்றாம் ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம், ஏன். போர் பற்றியும் ஒரு கேள்வி வைத்தேன். ஏழாவதாக யானையும் வயலும். நூறு செறு என்றால் தெரியாது என்பதால் நூறு வயல் ஆக்கிவிட்டேன், வேம்பு ஐயா பொறுத்தருள்க.

வேம்பு எழுதியது:

பொறுத்தேன். ஆனால் அதே பாட்டின் நடுவில் "நாடுபெரிது நந்தும்" என்று வருகிறதே, அதைக் கவனித்தீர்களா? நந்துதல் என்றால் இங்கே தழைத்தல். அகராதியில் அதே நந்துதலுக்குக் கெடுதல் என்றும் பொருள் போட்டிருக்கிறது. "நத்தம்போல் கேடும்" என்கிற குறளின் நத்தத்தை உரைகாரர் ஆக்கம் என்கிறார்கள். வளர்வதற்கும் அழிவதற்கும் ஒரே வினை எப்படி வந்தது? இரண்டும் ஒரே வேர்தானா, இரண்டு வேர்கள் வந்து ஒட்டிக்கொண்டனவா? நத்தை பக்கமிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தனி இழையாக நாளை எழுதுகிறேன்.

கரையான் எழுதியது:

தயவுசெய்து தனி இழையாகவே எழுதுங்கள் ஐயா.