நம்ம ஊர்ப் பூக்காரர்கள் கதையை எழுதி வைப்போம்

அன்புள்ள தோவாளை உறவுகளுக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், கேம்பல் லேனில் மாலை வாங்க நின்றேன். ஆர்க்கிட் கோத்துக்கொண்டிருந்த தம்பி, "எந்த ஊர் அண்ணே?" என்றார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மாணிக்கமாலை கட்டத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. சின்ன வயதில் தினமும் பார்த்த வேலை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சி திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டுவாள். முன்னால் ஈரத்துணியில் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, ஒரு ஓரமாக நொச்சி இலை. அரளிப்பூவைச் சிதையாமல் சதுரமாக மடித்து நாரில் வரிசையாகப் பின்னிக்கொண்டே போவாள். விரல்தான் அளவு. கட்டி முடித்தால் பாய் மாதிரி தட்டையாக, கல் பதித்த நகைபோல மின்னும். மாணிக்கம் பதித்தது போலிருக்கிறது என்று திருவிதாங்கூர் மன்னர் சொன்னதால்தான் அந்தப் பெயர் என்பாள்.

மன்னர் பேச்சு வருவதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு நம்மூர் மாலை போனதும் அந்த உறவில்தான். எல்லை மாறிய பிறகும் பூ வியாபாரம் கேரளத்தை விடவில்லை. ஓணத்துக்கு முன்னால் அத்தப்பூக்களத்துக்காகச் சந்தையில் கிரேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் மலையாகக் குவியும். விடியுமுன்னே லாரிகள் மேற்கே கிளம்பிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பிச்சிப்பூ வாசம் பஸ் ஸ்டாப் வரை வரும். அதை அனுபவிக்காதவர் நம்மில் யார்?

2025இல் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு நம் குழுவில் எல்லோரும் வாழ்த்துப் படம் அனுப்பினோம், சரி. ஆனால் எந்த வீட்டில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பஸ் வருவதற்கு முன் பூக்கூடை எப்படித் திருவனந்தபுரம் போனது, கோயில் கட்டளைக்குக் கூலி பணமா நெல்லா என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. பெரியவர்கள் மனதில்தான் இருக்கிறது. என் ஆச்சியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அது திரும்ப வராது.

அதனால் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்து வாருங்கள். கட்டும்போது கையை மட்டும் கிட்டத்தில் வைத்து வீடியோ எடுங்கள். முக்கியமாக அந்த முதல் மடிப்பை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். எழுத்தில் ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், மலேசியாவிலும் துபாயிலும் இருப்பவர்களில் யாருக்காவது கட்டத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அரளியும் நொச்சியும் இங்கே கிடைக்குமா என்று அந்தத் தம்பியிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.